உதுமான் அண்ணாச்சி இறக்கிவிட்ட பத்துப் பேர்

செய்தியை என் கணவர்தான் கொண்டுவந்தார். ஒர்க்ஷாப்பை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "உதுமான் அண்ணாச்சி மவுத்தாயிட்டாரு. காலைல தொழுதுட்டு வந்து படுத்தவரு எந்திரிக்கல" என்றார். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு மிச்சக் காயையும் நறுக்கினேன். "சரின்னா என்ன அர்த்தம்? கெளம்பு" என்று அவர் அதட்டிய பிறகுதான் அரிவாள்மணையை மடக்கினேன். ஏழு வருஷமாக அந்த மனிதரோடு நான் பேசியதில்லை. இனிமேல் பேசவே முடியாது என்பது மண்டையில் ஏற எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

இதைப் படிக்கிற தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள், அவர்களை அழைத்துவரத் திருவனந்தபுரம் போனவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். குட்டையான ஆள், முழுக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில். நான் அவரோடு ஆறு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தேன். அவர் பயணிகளைச் சேர்ப்பவர், நான் தட்டச்சு செய்பவள். எங்கள் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. பலகை எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. குற்றாலத்தில் சாரல் விழும்போது ஊர்ப் பையன்களை வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து இறக்குகிற விமானம் என்பதால் ஊருக்கு அது 'சாரல் கம்பெனி'.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு விமானம்கூடக் கிடையாது. இதைச் சொன்னால் இப்போதும் பலர் நம்புவதில்லை. வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் புது விமானம் வாங்கியதும் பழையதை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். எங்கள் முதலாளி அப்படி நிற்கிற ஒன்றைப் பிடித்து, லீவுக் காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பார். டிரைவரோடு கார் எடுப்பதுபோலத்தான். விமானியும் பொறியாளரும் விமானத்தோடு வருவார்கள். ஜூனில் ஆட்களைக் கொண்டுவர வேண்டும், செப்டம்பரில் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். அதற்குப் பிறகு விமானம் அதன் சொந்தக்காரருக்குப் போய்விடும். அடுத்த வருஷம் வேறு தேசத்திலிருந்து வேறொன்று வரும்.

முதல் வருஷம் வந்தது ஒல்லியான, நான்கு என்ஜின் வைத்த பழைய விமானம். புகை விட்டுக்கொண்டு அது கிளம்புவதைப் பார்த்து வழியனுப்ப வந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வாய் பிளந்தார்கள். மூன்றாம் வருஷம்தான் முதல் அகல விமானம், டி.சி. பத்து என்பார்கள், வந்தது. உள்ளே இரண்டு நடைபாதை, ஒரு வரிசையில் ஒன்பது பேர். உதுமான் அண்ணாச்சி அதற்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "கல்யாண வீட்டுல பந்தி போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார். அதற்கடுத்து ஒரு வருஷம் மாடி வைத்த ஜம்போ. பிறகு இரண்டு வருஷம் ட்ரைஸ்டார். ஒவ்வொன்றும் இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது, எந்தப் பனிதேசத்துக்குப் பறந்தது, யார் கொடுத்த பெயிண்ட் எங்கள் பெயிண்ட்டுக்கு அடியில் தெரிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு சீட்டின் சாம்பல் கிண்ணத்தில் புரியாத எழுத்து இருப்பதை ஒரு பயணி காட்டிக் குறைசொன்னபோது, "வாடகை வீட்டுல முன்ன குடியிருந்தவன் அடிச்ச ஆணி இருக்கத்தான்லே செய்யும். துணியத் தொங்கவிட்டுட்டுப் போவியா, வழக்குப் பேசுதியே" என்றார்.

அந்தப் புரியாத எழுத்து ஒரு தடவை பெரிய வம்பைக் கொண்டுவந்தது. அவசரக் கதவுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நம் பையன்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருவன் போய் அவசரக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் தாமதம். மறுநாள் அண்ணாச்சி அட்டைகளை வெட்டி, சிவப்பு மையில் 'இது கக்கூஸ் கதவு இல்லை' என்று தமிழில் எழுதி ஒவ்வொரு அவசரக் கதவிலும் நூலால் கட்டிவிட்டார். சீசன் முடிந்து விமானம் திரும்பிப் போனபோது ஒரு அட்டையைக் கழற்ற மறந்துவிட்டோம். கதவில் தொங்கும் அறிவிப்பின் பொருள் என்ன, பாதுகாப்புச் சம்பந்தமானதா என்று விமானத்தின் சொந்தக்காரர்களிடமிருந்து டெலக்ஸ் வந்தது. அதற்கு மரியாதையான ஆங்கிலத்தில் பதில் எழுதியவள் நான். அன்று நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

எடை பார்க்கிற வழக்கம் தொடங்கியதும் அவரால்தான். செப்டம்பர் வெயிலில், அந்த ஓடுதளத்தில், இவ்வளவு எடைக்கு மேல் விமானம் எழாது என்று ஒரு வரம்பு உண்டு. வெளிநாட்டு விமானிகள் ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்று பொதுவாக ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு வருஷம் கொஞ்சம் பேரை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அண்ணாச்சிக்கு அது தாங்கவில்லை. "எம்மா கோமதி, நம்ம பயலுவள எழுவத்தஞ்சு கிலோன்னு வெள்ளைக்காரன் நெனைக்கான். தறிக்குழில கெடந்து வளந்தவன் எங்கன எழுவத்தஞ்சு இருப்பான்?" என்றார். அடுத்த வருஷம் ரைஸ் மில்லிலிருந்து மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, பயணம் போகிற அத்தனை பேரையும் அலுவலகத்துக்கு வரச்சொல்லி நிறுத்துப் பார்த்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. ஒரு ஆள்கூட எழுபதைத் தொடவில்லை. அந்தத் தாளை விமானி ஒப்புக்கொண்டார். அதன்பிறகு ஒருவரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவருக்கு அதில் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. "இவனுவ மெலிஞ்சு கெடக்கதுனாலதான் எல்லாருக்கும் எடம் கெடைக்கு" என்று சொல்லிவிட்டு அன்று மதியம் சாப்பிடாமல் இருந்தார்.

கடைசி வருஷத்துக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

அந்த வருஷம் என் கணவர் இசக்கிமுத்துவும் லீவில் வந்திருந்தார். துபாயில் கிரேன் ஓட்டினார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது இரண்டு லீவு. இன்னும் நான்கு வருஷம் போனால் சொந்த வீடு என்பது அவருடைய திட்டம். விசா முடிய மூன்றே நாள் இருக்கும்போது, சீசனின் கடைசி விமானத்தில் அவருக்கு இடம் போட்டிருந்தோம். ரைஸ் மில் தராசு அந்த வருஷம் பழுதாகிவிட்டது. அதனால் அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சை மண்டி ஒன்றைப் பிடித்து, மண்டிக்கு விடுமுறை நாளில் எல்லோரையும் பஸ் வைத்து அங்கே கூட்டிப்போனார். மண்டியின் எடைக்காரரே தராசு பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல அண்ணாச்சி எழுதினார். விளையாட்டுக்கு இருக்கட்டுமே என்று அண்ணாச்சியும் ஏறி நின்றார். அறுபத்தொன்று.

விமான நிலையத்தில் நான் என் சின்னத் தட்டச்சுப் பொறியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி பெட்டி நிறுக்கும் இடத்தில் நின்றார். மண்டியில் பெட்டிகளையும் நிறுத்திருந்தோம். பதினெட்டு என்று எழுதிய பெட்டி இங்கே இருபது காட்டியது. ஊறுகாயைத் திணித்திருப்பான் என்று முதலில் விட்டுவிட்டார். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் முடிகிற நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது: அத்தனை பெட்டியும் சரியாக இரண்டு கிலோ கூடுதல். உடனே தானே அந்தத் தராசில் ஏறினார். முள் அறுபத்து மூன்றில் நின்றது. இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"எம்மா, ஒனக்குப் புளியங்குடிதான. மண்டில மூட்டைக்கு எவ்வளவு கழிவு சொல்லுவாவ?"

"சாக்குக் கழிவா? மூட்டைக்கு ரெண்டு கிலோ அண்ணாச்சி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கும் புரிந்தது. எங்கள் அப்பாவின் எலுமிச்சை மூட்டையைச் சின்ன வயதிலிருந்து அந்த மண்டியில் பார்த்திருக்கிறேன். எடைக்காரரின் கண் ஐம்பத்திரண்டைப் பார்க்கும், வாய் ஐம்பது என்று சொல்லும். இருபது வருஷப் பழக்கம். மனிதனை நிறுத்தபோதும் அவர் சாக்குக்குக் கழித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. கழிக்காமல் சொல்ல அவருக்குத் தெரியாது.

பெட்டிகளின் எடையை நிலையத்துத் தராசு சரிசெய்துவிட்டது. ஆட்களின் எடை எங்கள் தாளில் உள்ளதுதான். ஆளுக்கு இரண்டு கிலோ என்றால் மொத்தத்தில் கிட்டத்தட்ட அறுநூறு கிலோ குறைத்துக் காட்டியிருந்தோம். பம்பாயிலிருந்து வந்திருந்த எங்கள் மேலாளர் காரியமாகச் சொன்னார்: இவ்வளவு பெரிய விமானத்துக்கு அது ஒரு கொசு, வாயை மூடிக்கொண்டிரு. அண்ணாச்சி, "நாம குடுத்த தாள நம்பித்தான் அவரு வண்டிய எடுக்காரு. தப்புன்னு தெரிஞ்ச பொறவு அத எப்படி சார் நீட்டுவேன்?" என்று கேட்டுவிட்டு விமானியிடம் போனார். போனவர் திரும்பி வரும்போது முகம் செத்திருந்தது. எடை வரம்பை ஏற்கெனவே தொட்டாயிற்று. பெட்டிகள் எல்லாம் பெரிய கூண்டுகளில் அடைத்து விமானத்தின் வயிற்றில் ஏற்றியாயிற்று. அவற்றை இறக்கித் தேட ஒன்றரை மணி நேரம் ஆகும். கிளம்ப அனுமதித்த நேரம் அதற்குள் தீர்ந்துபோகும். "பெட்டிக்குக் காலு கெடையாது. காலு உள்ளவந்தான் எறங்கணும்" என்றார். பத்துப் பேர்.

யாரை இறக்குவது என்று அவர் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "நம்பி வந்தவன எறங்குன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நம்மாளுவன்னா வைவானுவ, வஞ்சுட்டுப் போறானுவ. அடிம்மா" என்று எதிரில் நின்று சொல்லத் தொடங்கினார். முதல் பெயர் அவருடைய கூடப்பிறந்த தம்பி காஜா. பிறகு மச்சினன், மருமகன்மார் இரண்டு பேர், பெரியம்மா மகன். அப்புறம் எங்கள் பஸ் டிரைவரின் அண்ணன், முதலாளிக்குத் தூரத்துச் சொந்தமான மூன்று பேர். ஒன்பது ஆயிற்று. அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைப் பார்த்துக்கொண்டு, "பத்தாவது, இசக்கிமுத்து" என்றார். என் விரல் நின்றுவிட்டது. அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். "அடிம்மா" என்று இன்னொரு தடவை சொன்னார். அடித்தேன். என் புருஷன் பெயரை என் கையாலேயே அடித்தேன்.

பத்துப் பேரும் இறங்கி வந்தார்கள், அவர்களுடைய பெட்டிகள் துபாய் போயின. விமானம் நல்லபடியாக எழுந்தது. அதுதான் எங்கள் கடைசி விமானம். அடுத்த வருஷம் வாடகைக்கு ஒன்றும் அமையவில்லை, முதலாளி தொழிலை மூடிவிட்டார். லீவு முடிந்து எல்லோரும் திரும்புகிற நேரமானதால் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் என் கணவருக்கு விசா போயிற்று, வேலையும் போயிற்று. அண்ணாச்சியின் தம்பிக்கும் அதே கதி. அவன் பம்பாய்க்குப் போனவன் அண்ணனோடு கடைசிவரை பேசவில்லை என்று கேள்வி.

அலுவலகத்தைக் காலிசெய்த அன்று நான் அவரிடம் கேட்டேன். "எங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டியள்ளா அண்ணாச்சி. திருப்திதான?" பலகையைக் கழற்ற வந்த ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ கேக்குதது சரிதாம்மா" என்றார். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. என் கணவர் மறுவாரமே அவரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். "எடை தப்பு. அவரு என்ன செய்வாரு?" என்பதோடு அவருக்கு அது முடிந்துவிட்டது. வெல்டிங் கற்றுக்கொண்டார், ஒர்க்ஷாப் போட்டார். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த வீடு இன்னும் கட்டவில்லை.

அண்ணாச்சி அதற்குப் பிறகு சீசனில் ஐந்தருவியில் துண்டுக் கடை போட்டார். துண்டு, சீயக்காய், எண்ணெய். ஜம்போவுக்குள் ஏறி ஆட்களை எண்ணிய மனிதர் கயிற்றில் துண்டு தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஊர்க்காரர்களுக்கே கஷ்டமாக இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் என் மகளைக் குளிக்கக் கூட்டிப்போயிருந்தேன். அவளுக்கு மூன்று வயது முடிந்த நேரம். அந்த விமானம் போன மறுவருஷம் பிறந்தவள். குளிரில் பல் அடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து அண்ணாச்சி கடையைவிட்டு எழுந்து வந்து, "ஏட்டி, தலையத் தொவட்டு மொதல்ல" என்று ஒரு புதுத் துண்டை நீட்டினார். பிள்ளை கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். துண்டை விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னை நினைத்து எனக்கே இன்று வெட்கமாக இருக்கிறது.

அவர் இறந்த அன்று மய்யித்து வீட்டில் பெண்கள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி ஆமினா மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார்: "வந்துட்டியா. ஒன்னப் பத்திப் பேசாத நாளு கெடையாதும்மா. தம்பி பேசாதது கூட அவுகளுக்குப் பெருசில்ல. அந்தப் பிள்ள சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனே, அந்தப் பிள்ள சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனேன்னு பொலம்பிக்கிட்டே கெடப்பாவ." சொல்ல வேண்டியதை அங்கேயும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதனால்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். அவரைத் தெரிந்த எல்லோரும் படிக்கட்டும். என் கணவரும் படிப்பார், படிக்கட்டும். துபாய்க்குப் போக முடியாமல் அவர் பட்ட வேதனை உண்மை. எங்கள் வீட்டுக்கு வந்த கஷ்டமும் உண்மை. நான் உதுமான் அண்ணாச்சிமேல் காட்டிய கோபம்தான் பொய். ஒரு பெண் தன் புருஷனின் பிழைப்பு போனதற்காகக் கோபப்பட வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது, நானும் பட்டுக்கொண்டேன். ஒரு வருஷம் காட்டிய கோபத்தை அடுத்த வருஷம் நிறுத்த வழி தெரியவில்லை. அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது தினமும் என்னோடு சாப்பிடுகிற ஒரு புருஷனையும் ஒரு மகளையும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஏழு வருஷம் அவரைக் குற்றவாளியாகவே நிறுத்திவைத்திருந்தேன்.

அன்று விமான நிலையத்திலிருந்து எங்கள் பஸ்ஸிலேயே திரும்பினோம். அண்ணாச்சி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை. நானும் என் கணவரும் அவருக்கு இரண்டு சீட் தள்ளி. ஆரியங்காவு தாண்டியதும் காற்றில் குளிர் ஏறியது. என் கணவர் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருடைய பாரம் முழுக்க என்மேல் இருந்தது. நாளைக்கும் இருப்பார், நாளை மறுநாளும் இருப்பார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியாமல் செங்கோட்டைவரை சத்தமாகவே அழுதேன். முன்னால் இருந்தவரின் தலை அந்தச் சத்தத்தில் குனிந்துகொண்டே போனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டும் வாயைத் திறக்கவில்லை.

நான் அழுதது சந்தோஷத்தில், அண்ணாச்சி.